குழாய் வைத்த ஒயின் பெட்டி

தொண்ணூறுகளில் மைசூரில் எங்கள் தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் 'பால் பாக்கெட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வெறும் பாக்கெட் என்றால் சாராயம். கட்டட மேஸ்திரியான அப்பா பல வருஷம் அதன் மூலையைப் பல்லால் கிழித்துக் குடித்தவர். மஞ்சள் காமாலை வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகுதான் விட்டார். விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அக்கா வீட்டுக்காரர் ஒயினோடு வந்து இறங்கினார்.

மச்சானுக்குக் கப்பலில் சமையல் வேலை; லீவில் அக்காவோடு எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தார். ஒயின் என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கழுத்து நீண்ட பாட்டிலை எதிர்பார்த்தேன். அவர் எடுத்து வைத்ததோ திராட்சைப் படம் போட்ட ஓர் அட்டைப்பெட்டி. அடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. ஆஸ்திரேலியாவுலயும் முதல்ல கேலிதான் பண்ணாங்களாம். இப்ப வீட்டுக்கு வீடு இதுதான்" என்றார். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடித்தால் ரத்தத்துக்கு நல்லது என்றும் சொல்லி, பெட்டியைச் சமையலறை அலமாரியில் ஏற்றினார்.

அப்பா வாசலைப் பார்த்தபடி, "நமக்கு பேடா மாப்ளே" என்று கன்னடம் கலந்து மறுத்தார்.

திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் அக்கா பாடு திண்டாட்டம். பாட்டில் என்றால் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அட்டைக்குள் என்ன தெரியும்? காலையில் எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு என்னைத் தூக்கச் சொல்வாள்.

"நேத்தைவிட லேசா இருக்கா?"

"மச்சான் ராத்திரி குடிச்சாரில்ல?"

"அவரு குடிச்சது போக?"

என் கை என்ன தராசா? ஆனாலும் அந்தப் பயம் என்னையும் பிடித்துக்கொண்டது. அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போனால்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் குழாயைத் திறந்தால் சத்தமே வராது என்பதால் எட்டியும் பார்ப்பேன். அக்காதான் முகம் சுளித்தாள். "இது டீசன்டான ஐட்டம்மா. அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழாயில் ஒயின் வருவது நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று மச்சான் பெட்டியைக் கிழித்தார். உள்ளே வெள்ளி நிறத்தில் கொழகொழவென்று ஒரு பை. அதன் மூலையைப் பிடித்துப் பிழியத் தொடங்கினார்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"இதுவும் பாக்கெட்தானா மாப்ளே?"

"ஆமா மாமா. காத்து படாம இருக்கறதுக்கு" என்று மச்சான் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். மச்சான் பிழிந்து முடித்துப் பையைத் தட்டோரம் வைத்தார். அதன் மடிப்பில் இன்னும் சிவப்பாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது.

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். "கை கழுவப் போறப்ப அதைக் குப்பையில போட்டுடுங்கப்பா."

அப்பா எழுந்திருக்கவில்லை.

"என் கையில குடுக்காதே கண்ணு. உங்கம்மா கொண்டு போய் போடட்டும். அவ வர்ற வரைக்கும் நீ என் பக்கத்துல உக்காந்திரு."