தொட்டில் இல்லாத வீட்டில் தாலாட்டு

நான் பார்த்த முதல் இங்கிலீஷ் படத்தை அப்பா தூங்கியே கழித்தார். இதை எங்கள் குடும்பத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடும் தியேட்டர் ஒன்று இருந்தது. அங்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்த எங்களை வரவழைத்து அழைத்துப் போனார். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஃபேன் ஓடுமா?" ஓடும் என்றதும் வந்தார். விளக்கை அணைத்ததும் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

எனக்கு அதற்கப்புறம் மூச்சே வரவில்லை. திரை முழுக்க ஒரு வெள்ளைக்காரி. மினுமினுக்கிற கவுன், முழங்கை வரை கையுறை. கீழே மேஜை மேஜையாகப் பட்டாளத்து அதிகாரிகள். அவள் வாயைத் திறந்தால் வெளியே நடக்கிற யுத்தமே நின்றுவிடும் போலிருந்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு குரல் இருக்குமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா காதோடு கதை சொன்னார். முன்வரிசைக்காரர்கள்கூட அந்தப் பக்கம் காதைச் சாய்த்தார்கள். பாதி அவருடைய சொந்தச் சரக்காக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

"அக்கா, அவ உளவாளி. எதிரி ஆளுங்க நடுவுல நின்னே பாட்டுல சேதி சொல்றா."

"பாட்டுல எப்படிடா சேதி சொல்வா?"

"வேளை கெட்ட பாட்டாப் பாடுவா. இப்பப் பாரு, கொளுத்துற கோடையில பனி பெய்யுதுன்னு பாடுறா. கேக்க வேண்டியவனுக்குப் புரிஞ்சிடும்."

அவளைக் காதலித்த அதிகாரிக்கும் புரிந்துவிட்டது. அவன் எதிரிப் பட்டாளத்துக்காரன். எழுந்து நின்றான். சுட்டுவிடப் போகிறான் என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவனோ கையைத் தட்டி, இன்னொரு தடவை பாடு என்றான்.

"காட்டிக் குடுக்கலையே, ஏன்டா?" என்றாள் அம்மா.

"அதான் காதல்" என்றார் மாமா. அப்பாவின் கைக்குட்டை அசையவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் படம் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. பார்த்தவர் பார்க்காதவருக்கு ஒரு காட்சி விடாமல் கதை சொல்லியாக வேண்டும். அம்மா சொன்னது அஞ்சலைக்கு. அஞ்சலை எங்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்ட வருகிறவள். சாணிக்கூடையை இடுப்பில் வைத்தபடியே முழுப் படத்தையும் கேட்டாள். பனிப்பாட்டு வந்த இடத்தில் "கெட்டிக்காரிதான்" என்றாள்.

சென்னையில் ஆட்சி மாறி, எங்கள் தெருச் சுவர்களில் கறுப்பும் சிவப்பும் இன்னும் காயாத காலம் அது. வயற்காட்டில் செங்கொடியும் ஏறியிருந்தது. தை பிறந்து சம்பா முற்றிச் சாய்ந்து நின்றது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று தெற்குத் தெரு ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் அஞ்சலையின் புருஷன். ஆனாலும் அஞ்சலை வருவதை நிறுத்தவில்லை. "சண்டை நெல்லோடதாங்க, மாட்டோட இல்லியே" என்றாள். அவளிடம் வீட்டார் யாரும் வாய் கொடுக்கக் கூடாதென்று பெரியப்பா உத்தரவு போட்டார். அதைக் கண்காணிக்கக் கொல்லையில் பண்ணைக் காரியக்காரரையும் உட்கார வைத்தார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பேசியும் அதிகம் கேட்டதில்லை. ஒரு சாயங்காலம் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "விடியக்காலம் லாரில வெளியூர் ஆளுங்க வந்து எறங்குவாங்க. மொதல்ல அஞ்சலை புருஷன வீட்டோட வச்சுத் தூக்கிடணும். கை கால் இருந்தாத்தானே கொடி புடிப்பான்."

அப்பா தூணோடு தூணாக நின்றார். காப்பி கொண்டுவந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் தாலாட்டுக் கேட்டது. எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தையும் இல்லை, தொட்டிலும் இல்லை. கடைக்குட்டியான எனக்குக் கட்டிய தூளியே என்றோ கரித்துணியாகிவிட்டது. ஓடிப் போய் நடையில் நின்று பார்த்தேன். அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பாடினாள். கோழி கூவும் முன்னே பூச்சாண்டி வருவான், கண்ணே உறங்காதே, உங்கப்பாவையும் உறங்க விடாதே. எல்லாத் தாலாட்டும் உறங்கு என்றுதானே சொல்லும். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று விழித்தேன். காரியக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். அஞ்சலை குனிந்தபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பெரியப்பா தலையைத் தூக்கினார். "என்னடா, வீட்ல எதும் விசேஷமா?"

அம்மாவின் குரல் சட்டென்று நின்றது. முறத்து அரிசி படியில் சிதறியது. பெரியப்பா காரியக்காரரைக் கூப்பிட வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார். அண்ணன் எதிரில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே இருந்துது. இன்னொரு தடவ பாடு. கொஞ்சம் உரக்கப் பாடு."

அம்மா பாடினாள். முதலில் பிசிறடித்த குரல் போகப் போகத் தெருமுனை வரை கேட்கும்படி ஓங்கியது. "கூறு கெட்ட குடும்பம்டா" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு காப்பியைக் குடித்தார். அஞ்சலை கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வர்றேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

லாரி வந்தது. அஞ்சலையின் வீடு காலியாகக் கிடந்தது. தெற்குத் தெரு மொத்தமும், பக்கத்து ஊர் ஆட்களும் சேர்ந்து, வயலில் வரப்பு தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலையின் புருஷன். அத்தனை பேரைப் பார்த்ததும் லாரி வந்த வழியே திரும்பிவிட்டது. பிறகு தாசில்தார் வந்து பேசினார், கூலி கூடிற்று, அறுப்பு நடந்தது. அஞ்சலையின் புருஷன் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கண்ணை மூடினார்.

அம்மா செய்தது இன்னதென்று எனக்கு விளங்கவே வெகுகாலம் ஆயிற்று. அந்த வெள்ளைக்காரிக்குத் தலைக்கு மேல் விளக்கு, பின்னால் வாத்தியக் கூட்டம். அம்மாவிடம் இருந்தது ஒரு முறம்.

லாரி திரும்பிப் போன அன்று மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த பெருமை. "அப்பா, அந்தப் படத்துலயும் ஒருத்தன் உங்கள மாதிரியேதான் இன்னொரு தடவ பாடச் சொல்வான். நீங்கதான் தூங்கிட்டீங்களே" என்றேன்.

அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆமாம்மா, நல்லாத் தூங்கிட்டேன்" என்றார். "நல்ல ஃபேன்."

நான் நம்பிவிட்டேன்.