ரோஸ்மில்க்கும் மேகமும்

நெல்லித்தோப்பில் என் அண்ணன் வீட்டில் இன்று ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கிடையாது, ஐஸ் போட்ட ரோஸ்மில்க்.

மாப்பிள்ளை பாரீஸில் வேலை, பிரெஞ்சு நேஷனாலிட்டி. அண்ணன் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். தட்டோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துவிட்டுத் தன் விரலைப் பார்த்தார்.

"ஏம்மா, துடைச்சி எடுத்தாரக் கூடாதா? வெளியெல்லாம் தண்ணி."

"துடைச்சிதான் எடுத்தாந்தேன் அத்தை. காத்துல இருக்கிற ஈரம், சில்லுன்னு இருக்கிற டம்ளர்ல பட்டுத் தண்ணியாவுது. மேகமும் இப்படித்தான் உண்டாவுது."

மாப்பிள்ளை சிரித்தார். "அப்ப விண்வெளியிலதான் மேகம் ஜாஸ்தி இருக்கணும். அங்க குளிர் அதிகமாச்சே."

"அங்க காத்தே இல்லிங்க. இந்த ரோஸ்மில்க்கை அங்க வச்சா மொதல்ல கொதிக்கும், அப்புறம்தான் உறையும்."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பொண்ணு நல்லா படிச்சிருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, இனி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லும் குரலில். ரோஸ்மில்க்கைக் குடிக்காமலே கிளம்பினார்கள்.

ரோஸ்மில்க் நிறைய மீந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து காலேஜுக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் அவளிடம் சொல்லிவிட்டார்.