அட்டை இல்லாத மாதத்துப் பாசி

பொகவந்தலாவை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பாடசாலை அதிபரின் அழைப்பு வந்தது. "சேர், ராணி டீச்சர் போயிட்டாங்க. காலையிலதான். வீட்டுல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்." ஹட்டனில் ஒரே ஆய்வுகூடத்தைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அவருக்கு உயிரியல், எனக்கு இரசாயனவியல். பேசவும் செய்தேன். சாவு வீட்டுக்கு வந்திருந்த நீங்கள் எல்லோரும் என் பேச்சைக் கேட்டீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நன்னீரில் வளரும் பச்சைப் பாசிக்கு உப்பு ஏறினால், வெளிச்சத்தில் அது உணவு செய்யும் ஒளித்தொகுப்பு என்னவாகும்? மேற்படிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. உப்பு பாசியின் உள்ளிருக்கும் நீரை இழுத்துவிடும். ஒளித்தொகுப்பு குன்றும், வெளிவரும் ஒட்சிசன் குறையும். மழைக்காலத்தில் தேயிலை மலை ஓடையில் எடுத்த பாசியில் பாதியை நல்ல தண்ணீரிலும் பாதியை உப்புத் தண்ணீரிலும் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் ஒட்சிசன் கிட்டத்தட்ட ஒரே அளவு. "சேர், நம்ம பாசி உப்பத் தாங்குதுங்க!" என்று என் வகுப்புக்குள்ளேயே ஓடிவந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஊருக்கு அது போதுமாயிருந்தது. எதையும் தாங்கும் மலையகத்து மக்களைப் போல எதையும் தாங்கும் மலையகத்துப் பாசி என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். பாராட்டுக் கூட்டத்துக்கு மண்டபமும் பிடித்தார்கள்.

இடையில் மழை ஓய்ந்தது. டீச்சர் மறுபடியும் பாசி எடுத்துவந்து அதே சோதனையைச் செய்தார். இந்த முறை நல்ல தண்ணீர்ப் பாசி குமிழி குமிழியாக ஒட்சிசன் விட்டது. உப்புத் தண்ணீர்ப் பாசி வெளிறிச் சோர்ந்துபோனது. 

"சேர், அட்டை இல்லாத மாசத்துல மட்டும் பாசி நல்லா இருக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை, அவரே விளக்கினார். மழைக்காலத்தில் நம் ஓடைகளில் இறங்குகிறவர்கள் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்காகத் துணியில் உப்பு முடிந்துகொண்டு போவது உங்களுக்குத் தெரியும். முதல் தடவை டீச்சரும் அப்படித்தான் போனார். முடிச்சை அவிழ்த்து உதறிவிட்டு, அந்தத் துணியிலேயே பாசியை வடித்திருக்கிறார். நல்ல தண்ணீருக்குப் போன பாசியும் முன்பே உப்பில் அடிபட்டதுதான். எதுவும் எதையும் தாங்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாடியிருந்தது, அவ்வளவுதான். மழை ஓய்ந்த மாதத்தில் அட்டையும் இல்லை, துணியில் உப்பும் இல்லை.

பாராட்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து இதைச் சொன்னார். முகம் சிவந்திருந்தது. "நான் சொன்னது பிழைங்க. தாங்குதுன்னு கேக்க நமக்கெல்லாம் பிடிச்சிருக்கு. அதனாலதான் நானும் உடனே திரும்பப் பார்க்கல." அட்டைக்கதையைக் கேட்டுப் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கூட்டத் தலைவர், "அதெல்லாம் பரவாயில்ல டீச்சர்" என்று பொன்னாடையைப் போர்த்தியே விட்டார். டீச்சர் அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினார்.

சாவு வீட்டில் டீச்சரை நடுவில் கிடத்தியிருக்க, முதலில் பேசியவர் அதே தாங்கும் பாசியை எடுத்துவிட்டார். "அந்தப் பாசியப் போலத்தான் டீச்சரும் எல்லாத்தையும் தாங்குனாங்க" என்றதும் பெண்கள் அழுதார்கள். அடுத்து என் முறை. உண்மை தெரிந்தவன் நான். அழுகிறவர்கள் நடுவில் பாசிக் கணக்கைத் திருத்துவதா என்று தோன்றியது. "முன்னால் பேசியவர் சொன்னதையே நானும் சொல்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

வாசலில் அவருடைய மகள் என்னை நிறுத்தினாள். "நீங்களாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சேர். அம்மா அவ்வளவு வெக்கப்பட்டுச் சொன்னத இல்லாமப் பண்ணிட்டீங்களே."  செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆகவே இங்கே சொல்கிறேன். அந்தப் பாசி உப்பைத் தாங்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவரும் ராணி டீச்சர்தான். அவரைப் புகழ்வதென்றால் இதற்காகப் புகழுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வெட்கத்தை. அவருக்கு அது வந்தபோது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். எனக்கு வந்தபோது குனிந்துவிட்டு, அவரைப் புதைத்த பிறகு எழுதுகிறேன்.