சாமி வண்டி திரும்பும் முனை

தெருக்குழாயடியில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரும் நானும். வராதவர்கள், அந்தத் தெருப் பெரியவர்கள் அத்தனை பேரும். வீடு வீடாகப் போய் அழைத்திருந்தோம். "பசங்க மீட்டிங்குக்கு நாங்க இன்னாத்துக்கு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

பாகூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். அந்த வகுப்பில் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து அவர்களே செய்து முடிக்க வேண்டும்; கூட நிற்பது மட்டும்தான் என் பங்கு. அவர்கள் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். குடம் நிரம்பி வழிகிற தண்ணீர் எல்லாம் கடைசி வீட்டு வாசலில் போய்த் தேங்கும். அந்த வீட்டுப் பெண்தான் குழுத் தலைவி. மழைக்காலத்தில் அவள் தம்பி கொசுக்கடியால் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"இன்னொரு வாட்டி அவனத் தூக்கினு ஓட முடியாதுண்ணா" என்றாள்.

குழாய்க்குப் பக்கத்து முனையில் உறிஞ்சுகுழி வெட்டினார்கள். இடித்த வீட்டின் உடைசெங்கல்லைச் சைக்கிளில் சுமந்துவந்து கொட்டி, மேலே மணல் பரப்பினார்கள். தண்ணீர் அதில் இறங்கியது. அவள் வீட்டு வாசல் காய்ந்தது.

தை மாதக் கடைசியில் கோயில் கமிட்டிக்காரர் வந்து நின்றார். மாசிமகத்துக்குச் சாமியை டிராக்டரில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். குழி இருந்த முனையில்தான் வண்டி திரும்பும். வருஷா வருஷம் அதன் பின்னாலேயே நடந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். குழி வெட்டும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மற்ற நாட்களில் அது எங்களுக்கு வெறும் காலி இடம்.

"சாமி வண்டிக்கு வழி இல்லாம பண்ணிட்டு இது இன்னாடா ப்ராஜெக்ட்டு? நாளைக்கே மூடுங்க."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரியவர்கள் குரலை உயர்த்தினால் என் கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"மூடிட்டா தண்ணி மறுபடியும் எங்க வூட்டு வாசலுக்குத்தான் மாமா வரும். மேல சிலாப் போட்டா வண்டி போவுமில்ல?"

"ஒடஞ்சி சாமி சாஞ்சா யாரு பதில் சொல்றது? நீ இன்னா இஞ்சினியரா?"

"இல்ல மாமா. கொத்தனாரக் கேட்டுக்கினு வரேன்."

அவர் சிரித்துவிட்டார். "கேளு. தாங்காதுன்னு எனக்குத் தோணுச்சின்னா மண்ணக் கொட்டி மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் டிராக்டர் நிற்கிற இடத்துக்கே போய், இரண்டு சக்கரத்துக்கும் இடையே கயிறு பிடித்து அளந்துவந்தார்கள். கொத்தனார் கம்பியை நெருக்கிக் கட்டிக் கனமாகச் சிலாப் போட்டார், கூலி வேண்டாமென்றார். மற்ற செலவுக்கு அதே வீடுகளின் கதவைத் தட்டினார்கள். "மீட்டிங்குக்கு வரலன்னு தண்டம் வாங்குறியாடி?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்கள். சிலாப் மேல் சாக்கை விரித்து, பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

மாசிமகத்தன்று டிராக்டர் முனைக்கு வந்து நின்றது. கமிட்டிக்காரர் சிலாப் மேல் ஏறிக் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு டிரைவருக்குக் கை காட்டினார். தெருவே சாமியைக் கும்பிட்டது. பிள்ளைகள் ஏழு பேரும் குனிந்து சக்கரத்தையே பார்த்தார்கள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. சிலாப் அசையவில்லை. இவர்கள் என் பிள்ளைகள் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

கமிட்டிக்காரர் என்னிடம் வந்தார். "சிலாப்புக்கு மொத்தம் எவ்ளோப்பா ஆச்சு?"

நான் அவளைக் காட்டினேன். அவர் அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றார்.

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி நாப்பது ரூபா மாமா."