ஷுன்பெய்க்குக் கொடுத்த தொண்டை

ஃபுமியேவின் தொண்டையைக் கெடுத்தவன் ஷுன்பெய். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையில் வரைந்த பன்னிரண்டு வயதுக் கராத்தேப் பயல். அந்தக் கதை முதல்முறை தொலைக்காட்சியில் அனிமே கார்ட்டூனாக வந்தபோது அவனுக்குக் குரல் கொடுத்தது அவள்தான். பையன்களுக்குப் பெண்கள் பேசுவது தோக்கியோ ஸ்டூடியோக்களில் வழக்கம். ஷுன்பெய் வாராவாரம் யாரையாவது உதைப்பான். ஒவ்வொரு உதைக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். நாடு முழுக்கப் பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகள் அதையே கத்தினார்கள். அவளுக்கு மிஞ்சியது கரகரப்பு. கத்தாதே என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் கத்து என்றார் தயாரிப்பாளர். சோறு போட்டவர் பேச்சைத்தான் கேட்டாள்.

முப்பது வருடம் கழித்து அதே கதையைப் புதிதாக எடுக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு மரியாதைக்கு ஒரு சின்ன வேடம் உண்டு. ஃபுமியேவுக்கு ஷுன்பெயின் அம்மா: சாகுமுன் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அதுவே போதும். தன் பேர் இன்னொரு முறை அவன் கதையோடு திரையில் ஓடுமே! தொண்டை தெளிய ஒரு வாரமாகத் தேனில் ஊறிய முள்ளங்கிச் சாறே கதியென்று கிடந்தாள்.

இயக்குநர் தோயாமா, அவள் குரலைக் கேட்டே வளர்ந்தவராம். வாசலிலேயே குனிந்து வணங்கினார். மூன்று டேக் ஆனதும் அந்தப் பணிவு கழன்றுகொண்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அம்மா மாதிரியே இல்ல. ரவுடி சாகற மாதிரி இருக்கு.”

“இன்னொரு தடவ பாத்துரலாமே தம்பி.”

“வேணாங்க்கா, தொண்டைய வருத்திக்காதீங்க. குரேஹாவே அம்மாவையும் சேத்துப் பேசிரட்டும்.”

குரேஹாதான் இப்போதைய ஷுன்பெய். வெண்ணெய்க் குரல். அந்தப் பெண் நெளிந்தது.

“மன்னிச்சிருங்கக்கா.”

“நீ என்னடி பண்ணுவ? போய்ப் பேசு.”

வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், போட்டிக் களத்தில் கூட்டம் கத்தும் காட்சிக்கு அவளை நிற்கச் சொன்னார்கள். கூட்டத்தில் கத்துகிறவர்களுக்குத் திரையில் பேர் கிடையாது. நேற்று வந்த பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்ததும், கிழிந்தால் கிழியட்டும் என்று கத்தினாள்.

“ஷுன்பெய்! எந்திரிடா! எந்திரிடா கண்ணா!”

அம்மாவுக்கு அவர்கள் கேட்ட குரல் அப்போதுதான் வந்து தொலைத்தது.

ஒலிபெருக்கியில் தோயாமா பேசினார்: “நல்லாருக்கு, இன்னொண்ணு போயிரலாம். பின்னால யாரோ ஒருத்தர் குரல் மட்டும் தனியாத் தெரியுது. கொஞ்சம் அடக்கிக்கோங்க.”

யாரோ ஒருத்தர்! அடுத்த டேக்கில் ஃபுமியே வாயை மட்டும் அசைத்தாள்.

“பிரமாதம், ஓகே!” என்றார் தோயாமா.