குளிரங்கியைக் கழற்றச் சொன்னவர்

ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் பனி தள்ளும் வேலை செய்தவர் அவர். மீசையில் உறைபனி, கழுத்தில் ஒரு பழைய பிலிம் கமரா. வேலை முடிந்ததும், ரயிலுக்கு நிற்கும் தமிழ்ச் சனத்தை மறித்துப் படமெடுப்பார். ஊருக்கு அனுப்பச் சொல்லிப் பிரதியும் தருவார். படமெடுக்கும் முன் எல்லோருக்கும் ஒரே கட்டளைதான்: "ஜக்கெற்றைக் கழட்டும்."

என்னையும் அப்படித்தான் நடுங்க வைத்தார். "உங்களுக்கென்ன விசரோ அண்ணை? குளிரிலை சாகவோ?" என்று கத்தினேன்.

"படத்தைக் கண்டதும் பிள்ளை மெலிஞ்சு போச்சோ எண்டுதான் அம்மா முதல் பார்ப்பா. ஜக்கெற்றோடை நிண்டா அவவுக்கு என்ன தம்பி தெரியும்?"

பனியில் பட்ட வெயில் என் முகத்துக்கு ஏறும்வரை பொறுமையாக நின்றார். பொத்தானை அழுத்தியதும், பரிசு விழுந்தவரைப் போலச் சிரித்தார். படம் கிடைத்த அன்று அம்மா தொலைபேசியில், "கன்னத்திலை சதை வைச்சிருக்கு" என்று சொல்லி அழுதார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் அவர் கமராவை என்னிடம் நீட்டினார். "றோலிலை ஒண்டு மிச்சம் கிடக்கு. என்னை எடும்."

நான் கமராவில் கண்ணை வைத்தேன். அவர் தன் குளிரங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார்.

"கழட்டேல்லையோ அண்ணை?"

"என்ரை அம்மா போன கிழமை கண்ணை மூடிட்டா தம்பி. இனி ஆர் பாக்க?"

நான் பொத்தானை அழுத்தினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தடித்த அங்கிக்குள்ளே அவர் எவ்வளவு மெலிந்திருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.