பட்டு உடுத்திய யூதா அரசன்

ஆரணியில் எங்கள் திருச்சபையின் ஓய்வுநாள் பள்ளியில், வசனம் ஒப்புவிப்பதில் என்னை மிஞ்ச ஒருவரும் இருந்ததில்லை. ஆகவே ஆண்டு விழா நாடகத்தில் யூதாவின் அரசன் வேடம் எனக்குக் கிடைத்ததை எவரும் சலுகை என்று சொல்ல இயலாது.

நாடகத்தை அமைத்தவர், எங்களுக்குப் பாடம் நடத்திய பெரியம்மா. கர்த்தரை விட்டு விலகிய அரசனின் பெரும்படை, சீரியரின் சிறு கூட்டத்திடம் தோற்கும் வரலாறு அது. பகைவனாக நடிக்கப் பெரிய பையன்கள் மறுத்துவிட்டதால், சீரியப் படையில் பொடியர் சிலரே சேர்ந்தனர். வேதம் சொன்னபடியே அமைந்துவிட்டது.

அரச அங்கிக்குத் துணி வேண்டியிருந்தது. என் தந்தை, தறியிலிருந்து அன்று அறுத்த பட்டுச்சேலையையே என் தோளில் சுற்றிவிட்டார். மறுநாள் காலை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டிய சேலை. கறை பட்டால் கூலி போகும், அடுத்த சேலை நெய்யப் பாவு நூலும் கிடைக்காது. என் தாய் எவ்வளவோ தடுத்தும் அவர் கேட்கவில்லை.

ஆலய வளாகத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தரை செஞ்சேறாகிவிட்டது. போர் தொடங்கியதும் யூதாவின் வீரர்கள் அதில் ஆனந்தமாக உருண்டனர். நான் மட்டும் நின்றேன். சீரியத் தளபதியான என் மாமன் மகன் அட்டை வாளால் என்னைக் குத்திக்கொண்டே இருந்தான்.

“ஜல்தி உழுடா. எவ்ளோ நேரம் குத்திகினே இருக்கறது? கை வலிக்குது.”

திரைக்குப் பின்னிருந்து பெரியம்மா சீறினார். “கர்த்தர வுட்டவன் நிக்கக் கூடாதுடா. உழு.”

முதல் வரிசையிலிருந்து என் தாய், “உழுந்த, தோல உரிச்சிடுவேன். அப்பிடியே நின்னுகினு இரு” என்றார்.

கூட்டம் சிரித்தது. “இன்னாபா, யூதா ஜெயிச்சிடுச்சா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். தளபதி வாளைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினான். திரையை இழுத்து மூடினார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஆயர், அரசன் இறுதியில் மனந்திரும்பியதை மிக அழகாகக் காட்டினீர்கள் என்று பெரியம்மாவைப் பாராட்டினார். அதன்பின் நெடுநாள் பெரியம்மா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. சேலை மறுநாள் கறையின்றி முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த அரசன்மீது எனக்கு அப்போது கடும் எரிச்சல் இருந்தது. ஆலயத்தைப் பழுதுபார்த்துச் சீராக்கியவன், அதே ஆலயத்தை எப்படிக் கைவிடுவான்? பிரபுக்கள் வந்து வணங்கினார்கள், அவன் செவிகொடுத்தான் என்ற பகுதியைப் பிழையின்றி ஒப்புவித்தேனே தவிர, அது எனக்குப் புரியவில்லை. ஒருவன் கடவுளைக் கைவிடுவதற்குப் பெரிய துரோகம் எதுவும் தேவையில்லை. பக்கத்திலிருந்து ஒரு குரல் சற்று அழுத்திச் சொன்னாலே போதும் என்பதை அறியும் வயது எனக்கு அப்போது இல்லை.

எங்கள் உறவினர் இன்றும் ஒவ்வொரு திருமண வீட்டிலும், தோற்க மனமில்லாமல் நான் அடம்பிடித்ததாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. அது தவறு. தோற்பதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். விழுவதற்குத்தான் அனுமதி இல்லை.